குடியிருக்கும் வீட்டை அளந்து பார்ப்போம்

ஜாம் போத்தல் விளக்கை நாம் மறந்திருக்க முடியாது. 1990இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளான நாட்களில் எங்கள் வீடுகளில் எரிந்த விளக்கு அது. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது ஊறும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் கோத்த மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள், சோதனை எழுதினார்கள், சித்தியும் அடைந்தார்கள்.

அந்தச் சின்ன விளக்குக்குள் ஒரு பெரிய கணக்கு இருந்தது. வீட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது? எந்த வேலைக்கு வெளிச்சம் வேண்டும்? எவ்வளவு நேரம் வேண்டும்? வீணாக எரிவது எங்கே? இந்தக் கேள்விகளை எங்கள் தாய்மார் நாள்தோறும் கேட்டு, நாள்தோறும் விடை கண்டார்கள். இன்று செல்வந்த நாடுகளில் இதே கணக்கிற்கு 'வீட்டு வலுசக்தி மதிப்பீடு' என்று பெயர். அதற்கென்று பயிற்றப்பட்டவர்கள் கருவிகளோடு வீடு வீடாக வருகிறார்கள். இந்த மதிப்பீடு இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய எமக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. ஆனால் அவர்களுடைய அளவுகோலை அப்படியே கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

குளிர்நாட்டு அளவுகோல்

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவின் புறநகர் வீடுகள் திண்டாடின. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரித்த எண்ணெயின் விலை பெரிதும் ஏறியது. 1976இல் அந்நாட்டு அரசாங்கம் வறிய குடும்பங்களின் வீடுகளைச் சீர்செய்து கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் வீட்டைச் சோதிப்பது, அதன் பின்னரே வேலையைச் செய்வது என்பது அத்தகைய திட்டங்களின் ஒழுங்காயிற்று. வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டின் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்பொழுது சுவர் வெடிப்பு, யன்னல் இடுக்கு, கூரை ஓட்டை எல்லாவற்றாலும் வெளிக்காற்று உள்ளே சீறும். சூடு எங்கே வெளியேறுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அந்த ஓட்டைகளை அடைப்பார்கள்.

பிரித்தானியாவில் 2007ஆம் ஆண்டு தொடக்கம், விற்கப்படும் வீட்டுக்குச் சான்றிதழ் ஒன்று வேண்டும். தோட்டத்துக் கத்தரிக்காயைத் தரம் பிரிப்பதுபோல, வீட்டை ஏழு தரங்களாகப் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். வாங்க வருபவர் விலையை மட்டுமல்ல, அந்த வீட்டில் குடியிருக்க மாதாமாதம் என்ன செலவாகும் என்பதையும் அறிந்துகொண்டு வாங்கலாம்.

இதிலுள்ள நல்ல கருத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டி முடிந்ததோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் அது எங்களிடம் விறகாகவும் கறன்ராகவும் காசாகவும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் செலவை வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிய உரிமையுடையவர். ஆனால் அவர்களுடைய வைத்தியம் எங்கள் நோய்க்கு ஆகாது. அவர்கள் சூட்டைப் பிடித்து வைக்க வீட்டை அடைக்கிறார்கள். நாமோ சூட்டை வெளியே அனுப்ப வீட்டைத் திறக்க வேண்டியவர்கள்.

விறகும் காசான காலம்

சொந்தக் காணியில் இருந்தபோது விறகுக்கு நாம் காசு கொடுத்ததில்லை. காவோலை, பனைமட்டை, கொக்கறை, பாளை, ஊமல், வேலியில் வெட்டிய கிளுவைத் தடி என்று வளவே விறகுக் காலையாக இருந்தது. இடம்பெயர்ந்து நகரத்தின் ஓரத்தில் இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணியில் ஒதுங்கிய பின்னர்தான் விறகும் கடைச் சாமான் என்பதைக் கண்டோம். தோட்டம் இழந்தவர் நெல்லை மட்டும் இழக்கவில்லை, அடுப்பையும் இழந்தார்.

பிறகு வந்த அடிகளும் நினைவில் உள்ளவை. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்தவர்களுக்கு அது என்ன அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதமே மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டது. பின்னர் கட்டணங்கள் ஏறியும் இறங்கியும் வந்தாலும், அந்த இரண்டு ஆண்டுகளில் பட்ட கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல.

மீளக் குடியேறிய கிராமம் ஒன்றிற்கு நாங்கள் சென்றிருந்தபோது, புதுவீட்டின் முன்னே மாமரத்தடியில் ஓலைப்பாய் விரித்து இருந்த தாய் ஒருவரிடம், "வீடு எப்படி அம்மா?" என்று கேட்டோம். "மழைக்கு ஒழுகாது பிள்ளையள். ஆனா பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்கை இருக்கேலாது. பகல் முழுக்க இந்த மாமரத்துக்குக் கீழைதான் எங்கடை சீவியம்" என்றார். இலட்சக்கணக்கான ரூபா செலவில் எழுந்த வீடு இரவில் மட்டும் வீடாகவும், பகலில் வெறும் சாமான் அறையாகவும் இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டும்போது சுவரின் நீளத்தை அளந்தார்கள், அத்திவாரத்தின் ஆழத்தை அளந்தார்கள். உள்ளே இருக்கப்போகும் மனிதருக்கு என்ன வெக்கை அடிக்கும் என்பதை எவரும் அளக்கவில்லை.

முதலில் குசினி

எங்கள் வீட்டில் மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் குசினி. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் முக்காற் பங்கிற்கு மேற்பட்ட வீடுகளில் விறகே சமையலுக்குப் பாவிக்கப்பட்டது. கிராமங்களில் இன்றும் விறகடுப்பே பிரதானம்.

மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி பானையைச் சேராமல் பக்கங்களால் போய்விடும். 1980களில் எமது நாட்டிலேயே பரீட்சித்து உருவாக்கப்பட்டு, 'அனகி' என்ற பெயரில் சந்தைக்கு வந்த இரட்டை வாய்க் களிமண் அடுப்பு இதற்கு ஒரு நல்ல மாற்று. ஒரு வாயில் விறகு வைக்க, முன் பானையைச் சுட்ட நெருப்பின் மிகுதிச் சூடு பின் பானைக்குப் போகும். சோறு முன்னாலும் கறி பின்னாலும் வேகும். மண் பூசிப் பதித்து முறையாகப் பாவித்தால் ஏறத்தாழ காற்பங்கு விறகு மிஞ்சும்.

இதை எங்கள் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம். நிறுத்துப் பாருங்கள். காலையில் ஒரு கட்டு விறகைத் தராசில் வைத்து நிறையை எழுதுங்கள். இரவு மிஞ்சிய விறகை நிறுத்துக் கழியுங்கள். மூன்று நாள் பழைய அடுப்பில், மூன்று நாள் புது அடுப்பில், அதே ஆட்களுக்கு அதே சமையல். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 5 கிலோ எரித்த வீடு காற்பங்கு மிச்சப்படுத்தினால் மாதத்தில் 37 கிலோவிற்கு மேல் மிஞ்சும். விறகை விலைக்கு வாங்குபவர் அதைக் காசாக மாற்றிப் பார்க்கலாம்.

அடுப்பை மாற்ற வசதியில்லாதவரும் செய்யக்கூடியவை உண்டு. பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை எரிப்பவர் முதலில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிறார், பிறகுதான் சோறு. ஆகவே மாரிக்கு முன்பே விறகைக் கொத்தி, நனையாத இடத்தில் அடுக்க வேண்டும். பயறு, கடலையை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். பானைக்கு மூடி வேண்டும்.

குசினியில் காசைவிடப் பெரிய விடயம் ஒன்றும் உண்டு. அதுதான் புகை. வீட்டுக்குள் எரியும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் நிற்கும் தாயும், அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையுமே இப்புகையை அதிகம் குடிப்பவர்கள். குசினியின் முகட்டருகே புகை போக வழி உண்டா, அடுப்புக்கு எதிரே காற்று வர வாய் உண்டா என்று பார்ப்பது மதிப்பீட்டின் முதற் கேள்வியாக இருக்க வேண்டும். விறகு மிஞ்சியும் புகை குறையாத அடுப்பை நல்ல அடுப்பு என்று நாம் சொல்லமாட்டோம்.

அடுத்தது கூரை

தகரக் கூரைக்கு நண்பகலில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு முழுவதும் கீழே இருப்பவரின் தலையில் இறங்குகிறது. மின்விசிறி போட்டாலும் அது அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றி அடிக்கும். காசும் போகும், வெக்கையும் போகாது.

எங்கள் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கிடுகு அல்லது பனையோலைக் கூரை, மண் சுவர், நிழல் விழும் தாழ்வாரம், திண்ணை, தனியே ஒதுக்கிய குசினி என்பன ஏழ்மையின் அடையாளங்கள் மட்டுமல்ல, வெயிலுக்குக் கொடுத்த விடைகளுமாகும். சோளகம் எந்தப் பக்கத்தால் வரும், வாடை எந்தப் பக்கத்தால் வரும் என்பதை அறிந்தே வாசலும் யன்னலும் வைத்தார்கள். இன்றோ வரைபடம் கொழும்பில் வரையப்படுகிறது. காணியில் காற்று எந்தப் பக்கத்தால் வீசுகிறது என்று காகிதத்துக்குத் தெரியாது.

காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழுவதால் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவருமே அதிகம் காய்கின்றன. எனவே வீட்டின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்த்திருப்பது நல்லது. கட்டி முடிந்த வீட்டைத் திருப்ப முடியாது. ஆனால் மேற்குப் பக்கத்தில் வேம்பு, முருங்கை, வாழை வைக்கலாம். குளிக்கும் தண்ணீரே வாழைக்குப் போதும். தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போகும். மழை கழுவிவிடும் என்பதால் ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் திரும்ப அடிக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே கிடுகு கட்டலாம், ஆனால் அடுப்புக்கு மேலே கட்டக்கூடாது. அஸ்பெஸ்டஸ் சீற் கூரையைக் கம்பித் தூரிகையால் உரசவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு.

மூன்றாவது மீற்றர்

மின்பட்டியலில் உள்ள 'அலகு' என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம் ஓடுவது. 60 வாற்றுப் பழைய குண்டு மின்குமிழ் நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. 1500 வாற்று மின்கேத்தில் நாளொன்றுக்கு ஐந்து தரம், தரத்துக்கு 6 நிமிடம் வேலை செய்தால் மாதம் 22 அலகைத் தாண்டும். வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பவர்கள் கேத்திலைக் கவனிப்பதில்லை. சூடாக்கும் சாமான்தான் கறன்ரைக் குடிக்கும் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிய வேண்டும்.

மாதம் 60 அலகு என்பது வீட்டுப் பாவனையாளருக்கு முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் வேறு, கூடிய விலை வைத்துக் கணக்குப் பார்க்கப்படுகிறது. நிலையான கட்டணமும் கூடும். 62 அலகு எரித்த வீட்டுக்கு அந்த இரண்டு அலகும் பொல்லாத இரண்டு அலகு. எனவே மாத நடுவில் ஒருமுறை மீற்றரைப் பார்த்து எழுதும் பழக்கம் வேண்டும்.

இன்னொரு சோதனை. இரவு எல்லாச் சுவிச்சையும் நிறுத்திவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்பொழுதும் அது ஓடினால் எங்கோ ஒழுக்கு உண்டு. அது காசு நட்டம் மட்டுமல்ல, உயிராபத்தும் ஆகலாம். தகுதியான மின்வேலைக்காரரைக் கூப்பிட வேண்டும். கிணற்று மோட்டரையும் பாருங்கள். குழாயின் அடி வால்வு பழுதாகி ஒவ்வொரு தரமும் தண்ணீர் விட்டே தொடங்க வேண்டியிருந்தால், அந்த மோட்டர் வீணாகச் சுற்றுகிறது.

யார் சேமிக்க வேண்டும்?

இவ்வளவையும் சொன்னபின் ஒரு தெளிவும் சொல்ல வேண்டும். சிக்கனம் பற்றிய புத்திமதி எப்பொழுதும் இல்லாதவரை நோக்கியே வருகிறது. இரண்டு குமிழும் ஒரு விசிறியும் உள்ள வீட்டிற்குச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். குளிரூட்டி ஓடும் மண்டபத்தில் அதைப் பற்றிக் கூட்டம் வைக்கிறார்கள். எரிப்பதற்கு அதிகமில்லாதவரிடம் போய் 'குறை' என்பது நீதியல்ல. எங்கள் மதிப்பீட்டின் நோக்கம் குறைப்பது மட்டுமல்ல. எந்த வீட்டில் குறைவாக இருக்கிறது என்பதையும் அது எழுத வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு வெளிச்சம் போதாதென்றால், நோயாளிக்கு விசிறி இல்லையென்றால், அந்த வீட்டுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்றே மதிப்பீடு சொல்ல வேண்டும்.

"நாங்கள் இருப்பது தற்காலிகக் கொட்டில், இதற்கு என்ன மதிப்பீடு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழும்பிய மக்களில் ஒரு பகுதியினர் 25 ஆண்டுகளுக்குப் பின்னரும் முகாம்களிலேயே இருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்குள் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணமும் முடித்துவிட்டது. தற்காலிகக் கொட்டிலிலும் புகை உண்மையான புகைதான். காணிக்காகக் கேட்கும் குரலை ஒரு சொட்டும் குறைக்காமல், இருக்கும் இடத்தில் மூச்சு விட வழி கேட்பது பிழையல்ல.

கட்டுமுன் அளக்க வேண்டும்

எங்கள் முக்கிய கோரிக்கை வீட்டுத்திட்டம் நடத்துபவர்களிடம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்கிற்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் கொண்டுவரும் திட்டம் பேசப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதுவீட்டுக்குக் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்ட தொகை ஐந்தரை இலட்சம் ரூபா. அந்தத் தொகை போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. உருக்கு வீட்டுக்குள் வெக்கை எப்படி, காற்று எப்படி, எத்தனை ஆண்டு நிற்கும், பழுதானால் ஊர் மேசன் திருத்தலாமா என்ற கேள்விகளை மக்களும் பொறியியல் அறிந்தவர்களும் எழுப்பினார்கள். பலத்த எதிர்ப்பின் பின் அந்த எண்ணிக்கையில் அத்திட்டம் நிறைவேறவில்லை.

அன்று கேட்ட கேள்விகள் அந்த ஒரு திட்டத்தோடு முடிந்துவிடக்கூடாது. எந்த வீட்டுத்திட்டமானாலும், ஐந்நூறு வீடு கட்டுமுன் ஒரு வீடு கட்டி, அதில் ஒரு குடும்பம் ஒரு கோடையும் ஒரு மாரியும் இருந்து பார்க்கட்டும். நண்பகல் இரண்டு மணிக்கு உள்ளே எத்தனை பாகை, மாமரத்தடியில் எத்தனை பாகை என்று எழுதட்டும். குசினியில் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சமைக்கும் பெண் சொல்லட்டும். வரைபடத்தில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபை நாட்டில் உண்டு. பெரிய தொழிற்சாலைகளின் வலுசக்திப் பாவனையை ஆராயும் முறை நாட்டில் இருக்கும்போது, ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தின் குசினியை ஆராய ஆள் இல்லை என்று சொல்லக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பத்து வீடுகளைத் தெரிந்தெடுக்கலாம். ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி, உயர்தர வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் போதும். ஒரு மாதம் விறகு, வெக்கை, மீற்றர் மூன்றையும் எழுதுங்கள். மாத முடிவில் பத்து வீட்டாரும் ஒன்றாக இருந்து கொப்பியைப் படியுங்கள். ஒரு வீட்டில் குறைவாக எரிந்தால் ஏன் என்று அந்த வீட்டுப் பெண்ணையே கேளுங்கள். அவரே அந்த ஊரின் முதல் மதிப்பீட்டாளர். தவணைக்குச் சாமான் விற்க வருபவரிடம், "இது மாதம் எத்தனை அலகு குடிக்கும்?" என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்தக் கொப்பியின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும், அடுத்த வீட்டுத்திட்டத்தோடு வருபவர்களுக்கும் கொடுங்கள். வெறும் குறையாகச் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணாக எழுதிக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

இருண்ட ஆண்டுகளில் ஒரு ஜாம் போத்தலில் பிள்ளைகளைப் படிப்பித்த மக்கள் நாம். எவ்வளவு எண்ணெயில் எவ்வளவு வெளிச்சம் என்று எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கணக்கு எங்களுடையது. இனி அதை எழுதி வைப்போம்.